பேசாமல் நடக்கச் சொன்னவன்

சாம்பியாவில் நான் பார்த்த சிங்கம் ஒவ்வொரு வருடமும் எனக்குக் கொஞ்சம் கிட்ட வந்தது. முதன்முதலாக அந்தக் கதையைச் சொன்னபோது அது விளையாட்டு மைதானத்தின் மறுகோடி அளவு தூரத்தில், ஒரு புதருக்கடியில் படுத்திருந்தது. நாலைந்து வருடத்தில் வகுப்பறையின் பின்வரிசை வாங்குக்கு வந்துவிட்டது. நான் பாடசாலையில் பிரதி அதிபரான காலத்தில், தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அதின்ரை மூச்சுச் சூடு என்ரை முழங்காலிலை பட்டது" என்று சொல்லக்கூடிய இடத்தில் நின்றது. உண்மையில் நான் கண்டது ஒரு வாலை மட்டும். வாலின் நுனி ஒரு தரம் அசைந்தது. அது சிங்கத்தின் வால்தான் என்று தோளில் துவக்கு வைத்திருந்த வழிகாட்டி சொன்னார். நான் நம்பினேன்.

அந்தக் காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் பலர் ஒப்பந்தத்தில் ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். நானும் கணிதம் படிப்பிக்கப் போனேன். மனைவியையும் மூன்று வயது மகளையும் மாத்தளையில் வாடகை வீட்டில் விட்டிருந்தேன். எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருநாள், இலங்கை ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து ஒரு வனவிலங்குக் காப்பகத்தில் காலையிலிருந்து மாலை வரை நடந்தோம். தொப்பியும் சிரிப்புமாகப் படம் எடுத்துக்கொண்டோம். இரவு விடுதிக்குத் திரும்பி வானொலியைப் போட்டபோது கொழும்பு எரிகிறது, தமிழரைத் தேடி அடிக்கிறார்கள் என்றார்கள். அடுத்தடுத்த நாள் மாத்தளையின் பெயரும் வந்தது.

சிங்கத்தின் கதையை நான் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். இரவு வானொலியைப் போட்ட பகுதியை ஒருநாளும் சொன்னதில்லை.

தந்தி அடித்தேன். நாங்கள் சுகம் என்று பல நாள் கழித்துப் பதில் வந்தது. ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தது. இப்போது ஊருக்குப் போனால் நீயும் சேர்ந்து சாவாய் என்று நண்பர்கள் சொன்னார்கள். அவர்களுடைய புத்திமதியை நான் மிகுந்த விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டேன். ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டுதான் வந்தேன்.

வந்த அன்று மனைவி சுருக்கமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டுச் சிங்களவர் நெல் லொறி ஓட்டுகிறவர். அவர் இவளையும் பிள்ளையையும் வெறும் சாக்குகளுக்கு அடியில் மறைத்து, வில்கமுவப் பக்கம் இருந்த தன் அக்காவின் வீட்டில் கொண்டுபோய் விட்டாராம். கலவரம் அடங்கும்வரை அங்கே இருந்தார்களாம். திரும்பி வந்தபோது எங்கள் வாடகை வீட்டுக்குக் கூரை இல்லையாம். அவ்வளவுதான் சொன்னாள். மேலே நான் ஒன்றும் கேட்கவில்லை. சிங்கத்தைப் பற்றிச் சொன்னேன்.

அந்த அக்காவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள் எத்தனையோ முறை கேட்டாள். நான் தள்ளிப் போட்டேன். அதற்குக் காரணங்களைத் தேட வேண்டியிருக்கவில்லை, நாடே தந்துகொண்டிருந்தது. ஒரு வருடம் தெற்கில் கிளர்ச்சி, இன்னொரு வருடம் எல்லைக் கிராமங்களில் வெட்டுக்குத்து. பிறகு சோதனைச் சாவடிகள். லொறிக்காரரும் வீட்டை விற்றுக்கொண்டு எங்கோ போய்விட்டார். இருபது வருடம் இப்படியே ஓடியது.

சமாதான ஒப்பந்தம் வந்து சாவடிகள் தளர்ந்தபோது எனக்கு ஓய்வுபெறும் வயது நெருங்கியிருந்தது. எங்கள் பாடசாலை ஆசிரியர்கள் ஆவணி விடுமுறையில் வழக்கமாகக் கோயில் சுற்றுலா போவார்கள். அந்த வருடம், வஸ்கமுவச் சரணாலயத்தை ஒட்டிய ஒதுக்கக் காட்டில் ஒருநாள் நடைபயணம் போகலாம் என்று நான் முன்மொழிந்தேன். ஆப்பிரிக்காவில் நடந்தவன் தலைமை தாங்க, பயப்பட என்ன இருக்கிறது?

வீட்டில் சொன்னபோது மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, நானும் வாறன்."

"நீர் நடக்கமாட்டீர். உம்முடைய முழங்கால்..."

"நடக்கிறதுக்கு வரேல்லை. அந்த அக்காவின்ரை வீடு அந்த றோட்டிலைதான். ஆள் இருக்கிறாவோ இல்லையோ தெரியாது. ஒருக்கால் போய்ப் பாக்கவேணும். அரை மணித்தியாலம் பஸ்ஸை நிப்பாட்டினால் காணும்."

"அதுக்கென்ன, நிப்பாட்டலாம்" என்றேன். தலைவர்கள் வாக்குறுதி கொடுப்பதுபோலக் கொடுத்தேன்.

பயணத்துக்கு முதல்நாள் ஆசிரியர் அறையில் ஒரு விளக்கக் கூட்டம் வைத்தேன். சாம்பியாவில் வாங்கிய, பைகள் நிறைந்த காக்கி மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். அதன் பொத்தான்கள் இப்போது வயிற்றுக்கு எட்டவில்லை. மூன்று சட்டங்கள் சொன்னேன். ஒற்றை வரிசையில் நடக்க வேண்டும். யானையைக் கண்டால் ஓடவே கூடாது. எல்லாவற்றிலும் முக்கியம், காட்டில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. பேசினால் மிருகங்கள் விலகிவிடும், ஆகவே கைச் சைகை மட்டும்.

எல்கடுவத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து படித்து ஆளான உடற்பயிற்சி ஆசிரியர் எழுந்து நின்றார். "சேர், ஒரு சந்தேகங்க. கை மேல போனா நிக்கணும். முஷ்டி புடிச்சா குந்தணும். அக்குள் அரிச்சா என்னங்க செய்றது?"

"அரிக்கிற ஆளு கடைசில வரட்டும்" என்றார் விஞ்ஞான டீச்சர்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் என் சட்டம் பிழை என்று ஒருவரும் சொல்லவில்லை. மாத்தளை மாவட்டத்தில் காட்டோரம் நடக்கிறவர்கள் சத்தமாகக் கதைத்துக்கொண்டுதான் போவார்கள். ஆள் வருவது யானைக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், தெரிந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். இது அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும்கூடக் காதில் விழுந்திருக்கும். ஆனால் பாடசாலையின் நேரசூசியைப் போடுகிறவன் நான். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் யார் தலையில் விழும் என்பதைத் தீர்மானிக்கிற ஆளோடு யாரும் யானையைப் பற்றி வாதாடுவதில்லை.

விடியும் முன்பே புறப்பட்டோம். ரிவர்ஸ்டன் மேட்டில் பனிமூட்டம் கண்ணாடியை மூடியது. கிழக்கே இறங்க இறங்கக் காற்று காய்ந்தது. முன்பு எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்து ஏற்றுகிற சாவடியில், ஒரு சிப்பாய் மணல் மூட்டையின்மேல் துவைத்த சாரத்தைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துப் போங்கள் என்று ஈரக் கையை அசைத்தான்.

வில்கமுவ தாண்டி ஒரு வாய்க்கால் பாலம் வந்தது. மனைவி இருக்கையிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இந்தப் பாலம்தான். அந்தா அந்த ஒழுங்கை. இப்பவே இறங்கிப் பாத்திட்டு வரட்டே?"

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். "வரேக்கை பாப்பம். மிருகங்கள் காலமைதான் நடமாடும்."

அவள் உட்கார்ந்தாள். பின்னால் போகிற அந்தக் குறுகிய ஒழுங்கைப் பாதையைக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காட்டு வாசலில் எங்களோடு வரக் காத்திருந்த காவலர் அறுபதை நெருங்கிய சிங்களவர். இடுப்பில் ஒரு சிறு வானொலியைக் கயிற்றால் கட்டியிருந்தார். அதில் கிரிக்கெட் வர்ணனை அலறிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தச் சொன்னேன். ஆப்பிரிக்காவில் வழிகாட்டிகள் மூச்சைக்கூட மெதுவாக விடுவார்கள் என்று சிங்களத்தில் விளக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், மேற்சட்டையைப் பார்த்தார், வானொலியின் காதைத் திருகினார்.

"மஹத்தயாவின் விருப்பம், ஐயா சொன்னால் சரி" என்றார்.

இப்படியாக, ஊரிலேயே அதிகம் பேசுகிற தொழிலைச் செய்கிற பன்னிரண்டு பதின்மூன்று பேர் ஊமைகளாக வரிசையில் நடந்தோம். விஞ்ஞான டீச்சர் ஒரு மயிலைக் கண்டு வாயைத் திறந்தார். நான் திரும்பிப் பார்த்தேன், மூடிக்கொண்டார். பஸ்ஸில் தனியே இருக்க விரும்பாத மனைவி, வரிசையின் நடுவில் தலையைக் குனிந்தபடி நடந்தாள். அவள் இவ்வளவு ஒழுங்காக என் சொல்லைக் கேட்டது எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஓரிடத்தில் பாதையின் நடுவே சாணம் கிடந்தது. முஷ்டியைத் தூக்கினேன், வரிசை குந்தியது. நான் முழங்காலிட்டு அதில் விரலை விட்டேன். சூடு பார்க்கும் முறை அது, சாம்பியாவில் கற்றது. "சற்று முன்தான் போயிருக்கிறது. பெரிய மிருகம்" என்று கிசுகிசுத்தேன். அப்போது புதருக்குள்ளிருந்து மணிச் சத்தம் கேட்டது. கழுத்தில் மணி கட்டிய எருமை ஒன்று எட்டிப் பார்த்து, என்னை முகர்ந்துவிட்டுப் போனது. சட்டத்தை மதித்து ஒருவரும் சிரிக்கவில்லை. உடற்பயிற்சி ஆசிரியரின் தோள்கள் மட்டும் வெகுநேரம் குலுங்கின.

ஓடைக்கரையில் சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். இனித் திரும்பலாம் என்றார் காவலர். மனைவி என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"இப்பத் திரும்பினால் நேரம் சரியாயிருக்கும், என்ன?"

"இன்னும் கொஞ்சத் தூரம். அங்காலை ஒரு குளம் இருக்குதாம்."

அவள் எழுந்து கை கழுவப் போனாள். நான் அதுவரை கண்டது ஒரு எருமையை. அதோடு ஆசிரியர் அறைக்குத் திரும்ப என்னால் முடியாது. குளத்துக்குப் போனோம். குளம் வற்றியிருந்தது. வெடித்த சேற்றில் ஒரு கொக்கு நின்றது.

திரும்பும் வழியில், பாதை வளைகிற இடத்தில், முன்னால் நடந்த நான் கையை மேலே தூக்கினேன். ஒரு பாலை மரத்தடியில், பாதையை அடைத்துக்கொண்டு, ஒற்றை ஆண் யானை. நாங்கள் வந்தது அதற்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும், அவ்வளவு நேர்த்தியான மௌனம். அது ஒரு கொப்பை முறித்தது. படீர் என்ற சத்தம்.

அடுத்து நடந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன். வரிசை முழுவதும் என் சட்டப்படி அசையாமல் நின்றது. ஓடியது நான் ஒருவன்தான். ஒவ்வொருவரையும் தோளில் இடித்துக்கொண்டு, மனைவியையும் இடித்துக்கொண்டு, வரிசையின் கடைசி ஆளையும் தாண்டி, ஒரு முதிரை மரத்தின் பின்னால் போய்த்தான் நின்றேன். தொப்பி வழியில் விழுந்துவிட்டது.

யானை காதுகளை விரித்து எங்கள் பக்கம் திரும்பியது. பாயவில்லை, விலகவும் இல்லை. காவலர் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் சொன்னார். ஓடாதீர்கள். கத்தாதீர்கள். எல்லாரும் சாதாரணமாக, சத்தமாகக் கதையுங்கள். ஆட்கள் நிற்கிறார்கள் என்று அதற்கு விளங்கட்டும். சொல்லிவிட்டு வானொலியைத் திறந்தார். அதில் மழையால் ஆட்டம் நின்று, சவர்க்கார விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

கதையுங்கள் என்றதும் யாருக்கும் கதை வரவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் ஒன்பதாம் வாய்பாட்டைத் தொடங்கிப் பாதியில் பிழைவிட்டார். விஞ்ஞான டீச்சர் ஒளித்தொகுப்பைப் பற்றி இரண்டு வசனம் சொல்லி நிறுத்தினார். அப்போது என் மனைவியின் குரல் கேட்டது. வகுப்பின் கடைசி வாங்குக்கும் கேட்கிற ஆரம்பப் பிரிவு ஆசிரியையின் குரல்.

"டீச்சர், நான் முந்தி இந்தக் காட்டோரம் இருந்தனான். ஆடிக் கலவரத்துக்கு."

"அப்டியா டீச்சர்? சொல்லுங்க. சத்தமா சொல்லுங்க" என்றார் விஞ்ஞான டீச்சர்.

"லொறியிலை சாக்குக்குக் கீழை கிடந்து வந்தனாங்கள். பிள்ளை அழுதுபோடும் எண்டு வாயைப் பொத்திக்கொண்டு வந்தன். அழுத்திப் பொத்தினதிலை அவளின்ரை உதட்டிலை காயம். இறங்கிப் பாத்தாப் பிறகுதான் கண்டன்."

யானை ஒரு காலை மாற்றி வைத்தது.

"நிறுத்தாதீங்க டீச்சர்" என்றார் உடற்பயிற்சி ஆசிரியர்.

"அந்த அக்கா ஊராக்களுக்கு என்னைத் தன்ரை மச்சாள் எண்டு சொன்னவ. ஊமை மச்சாள். அப்ப என்ரை சிங்களம் வாயைத் திறந்தால் காட்டிக் குடுத்துப் போடும். பொட்டை அழிச்சு, தன்ரை சீத்தைத் துணியைக் கட்டிவிட்டவ. பிள்ளையை வெளியிலை விடேல்லை. அது தமிழிலை ஒரு சொல்லுச் சொன்னால் முடிஞ்சுது. அங்கை இருந்த நாள் முழுக்க நான் ஒரு சொல்லுப் பேசேல்லை. காடு வெட்டிப் பயிர் செய்யிற சேனைக்குப் போகேக்கை யானைக்காகச் சத்தம் போடவேணும். எனக்கும் சேர்த்து அக்காதான் கதைச்சுக்கொண்டு போவா. என்னைக் கேள்வி கேட்பா, பதிலையும் தானே சொல்லுவா."

பிறகு அதே குரலில், "ராவிலை மட்டும் போர்வைக்குள்ளை பிள்ளையின்ரை காதுக்குள்ளை தமிழ் கதைப்பன். அப்பா எப்ப வருவார் எண்டு கேட்கும். வந்துகொண்டிருக்கிறார் எண்டு சொல்லுவன்."

இதை முதிரை மரத்தின் பின்னாலிருந்து, என்னோடு வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து, முதன்முறையாகக் கேட்டேன். காலையிலிருந்து அவளைப் பேசாமல் நடக்க வைத்திருந்தேன்.

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். விஞ்ஞான டீச்சர் கேள்வி கேட்டார், மற்றவர்களும் சேர்ந்தார்கள். யானை எப்போது போனது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. தனக்கு வசதியான நேரத்தில் கொப்பையும் இழுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கிவிட்டது. வெயில் சரிந்திருந்தது.

நான் மரத்தின் பின்னாலிருந்து வந்தேன். யாரும் என்னைப் பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டார்கள். "சேர், தொப்பிங்க" என்று உடற்பயிற்சி ஆசிரியர் தூசு தட்டிக் கொடுத்தார்.

பஸ் சாரதி கோபத்தில் இருந்தார். பொழுதுபட்டால் பெருவீதியிலேயே யானைகள் ஏறும் என்றார். அது எனக்கு வசதியாகப் போய்விட்டது. வாய்க்கால் பாலம் தெரிந்தபோது நான் முன்னிருக்கையிலிருந்து மனைவிக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"நேரம் போச்சுது. இன்னொரு நாளைக்கு வருவம். சாரதி, நீங்க விடுங்க."

உடற்பயிற்சி ஆசிரியர் எழுந்து சாரதியின் பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணே, நிப்பாட்டுங்க. டீச்சர் எறங்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கங்க சேர். எல்லா வெள்ளிக்கிழமையும் கடைசிப் பாடம் எனக்கே போடுங்க. பரவாயில்லைங்க."

பஸ் நின்றது. மனைவி இறங்கும்போது என்னைப் பார்த்தாள்.

"வாறீங்களோ?"

"ஆக்கள் எல்லாரும் பஸ்ஸிலை இருக்கினம். நான்தானே பொறுப்பு."

யானையைக் கண்டு அந்த ஆட்களை எல்லாம் இடித்துக்கொண்டு ஓடியவன் சொன்ன பதில் இது. அவள் விஞ்ஞான டீச்சரோடு ஒழுங்கைக்குள் போனாள். நான் பின்னிருக்கைக்குப் போய் ஜன்னலோரம் ஒதுங்கினேன். நான் போகாததன் காரணத்தை இப்போது எழுதலாம். இருபது வருடம் போகாததன் காரணமும் அதுதான். அந்த அக்கா என்னை ஒரே ஒரு கேள்வி கேட்பாள் என்று எனக்குத் தெரியும். நீ எங்கே இருந்தாய் என்று கேட்பாள். சிங்கம் எவ்வளவு கிட்ட வந்தாலும் அதற்குப் பதிலாகாது.

சற்று நேரத்தில் அவர்கள் திரும்பி வந்தார்கள். நடுவில் கூனிப்போன ஒரு மனுஷி, வெள்ளைச் சட்டையும் துணியும், கையில் ஒரு பை. மனைவியின் மணிக்கட்டைப் பிடித்த பிடியை விடவில்லை. பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்து உள்ளே எட்டிப் பார்த்து, எல்லாரையும் கும்பிட்டாள். மகளைப் பற்றிக் கேட்டாள். கலியாணம் முடித்துவிட்டாள் என்றாள் மனைவி. பிறகு அக்கா வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்து, மனைவியைத் தங்கச்சி முறை சொல்லிச் சிங்களத்தில் கேட்டாள்.

"உன் புருஷன் எங்கே, நங்கி?"

பஸ்ஸுக்குள் ஒருவரும் அசையவில்லை. சிங்களம் அங்கே எல்லாருக்கும் விளங்கும். நான் எழுந்திருக்கலாம். கால்கள் இருந்தன, படிக்குப் போக வழியும் இருந்தது.

மனைவி என் பக்கம் பார்க்கவில்லை. "அவர் இன்னும் வரவில்லை அக்கா. வெளிநாட்டில்தான் இருக்கிறார்" என்றாள்.

"அனே, பாவம்" என்றாள் கிழவி. பிறகு பைகள் நிறைந்த சட்டையோடு பின்னால் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி, "இந்த மஹத்தயா யார்?" என்றாள்.

"அவர் எங்கள் பயணத்தின் தலைவர்."

கிழவி எனக்குத் தனியாக ஒரு கும்பிடு போட்டாள். நானும் போட்டேன். கையிலிருந்த பையை மனைவியிடம் கொடுத்தாள். சேனையில் விளைந்த குரக்கன் என்கிற கேழ்வரகு, தானே அரைத்த மா. உன் புருஷன் வரும்போது செய்து கொடு, பிறநாட்டுச் சாப்பாட்டில் ஆள் மெலிந்துபோயிருப்பார் என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று மனைவியிடம் அன்றும் கேட்கவில்லை, அக்கா இறந்த செய்தி வந்த அன்றும் கேட்கவில்லை. செத்த வீட்டுக்கும் அவள் தனியாகத்தான் போய்வந்தாள்.

பயணத்துக்கு அடுத்த நாள் காலை அந்த மாவில் பிட்டு அவித்துத் தேங்காய்ப் பூவோடு என் முன்னால் வைத்தாள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போடும்படி சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினேன்.